வெரிபீயின் ஜப்பான் குரங்குகள்

ரஞ்சினி நாயைக் கண்டால்கூடத் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறவள். அவள் மிருகப் பூங்கா ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, அந்நாளில் மெல்பேணில் அவளை அறிந்திருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் ஒருவரும் நம்பவில்லை.

“டிக்கெட் குடுக்கிற வேலைதான். மிருகங்களுக்குக் கிட்டப் போகத் தேவையில்லை” என்று அவளே எல்லோருக்கும் சமாதானம் சொன்னாள்.

எழுபத்தைந்தாம் ஆண்டு அவளும் கணவன் மகேந்திரராஜாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெரிபீயில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். அப்போது வெரிபீ மெல்பேணுக்கு வெளியே ஒரு சிற்றூர். கோவா என்கிற முட்டைக்கோஸும் கோலிஃபிளவரும் விளைகிற தட்டையான நிலம், அதன் நடுவே ரயில் பாதை, எந்நேரமும் காற்று. ராஜாவுக்குத் தகர டப்பா தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். ஊரில் தபால் கந்தோரில் தந்தி அனுப்பிக்கொண்டிருந்த ரஞ்சினிக்கு இங்கே பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. பகல் முழுவதும் வீட்டுக் கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொள்வதைக் கேட்டபடி இருப்பதைவிட, டிக்கெட் கிழித்துக் கொடுப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

பூங்காவின் சொந்தக்காரர் டொயில். ஐம்பது வயதைத் தாண்டிய, முகமெல்லாம் வெயிலில் சிவந்த மனிதர். போருக்குப் பிறகு ஜப்பானில் நிறுத்தப்பட்ட ஆஸ்திரேலியப் படையில் அவர் இருந்தார். அங்கே ஒரு குளிர்காலத்தில் மலைப்பக்கம் போனவர், பனிக்குள் உட்கார்ந்திருந்த குரங்குகளைக் கண்டாராம். ரோமத்தில் பனி ஒட்டியிருக்க, முகம் மட்டும் சிவப்பாக, மனிதர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு அவை இவரைப் பார்த்தனவாம். அந்தக் காட்சியை அவரால் மறக்க முடியவில்லை. முப்பது வருடம் கழித்து, தன் நிலத்தில் கற்களைக் குவித்து ஒரு குன்று கட்டி, நடுவே குளம் வெட்டி, ஜப்பானிலிருந்து ஒரு கூட்டம் குரங்குகளைத் தருவித்தார். குன்றைச் சுற்றி நட்ட மரங்களும் அந்த நாட்டுக்கே உரியவை. குடைக்கம்பிகளைப் போல இலைகள் விரிகிற ஒரு பைன் மரம், செம்பட்டையுடைய தேவதாரு. வேறெந்த நாட்டுக் காட்டிலும் இவை தாமாக முளைப்பதில்லை, இந்தக் குரங்குகளும் வேறெங்கும் பிறப்பதில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லுவார். வாசலில் ‘ஜப்பான் மலை’ என்று பலகை வைத்தார்.

குரங்குகள் எப்படியோ தாக்குப்பிடித்தன. மரங்களுக்குத்தான் வெரிபீயின் உப்புக்காற்று ஒத்துவரவில்லை. நுனி கருகிக்கொண்டே இருந்தன.

ரஞ்சினிக்குப் பெண் குழந்தை பிறந்து, பிருந்தா என்று பெயர் வைத்து, சில மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பியபோது டிக்கெட் ஜன்னலில் வேறொருத்தி இருந்தாள். குரங்குகளின் சாப்பாட்டைக் கவனித்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால் அந்த வேலைதான் மிச்சம் என்றார் டொயில். காலையில் ராஜா குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், அவன் வேலைக்குக் கிளம்பும் முன் இவள் வீட்டுக்கு வந்துவிடலாம். நேரம் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் சம்மதித்தாள்.

ஆரம்பத்தில் கம்பிக்கு வெளியே நின்று வாளியைக் கவிழ்த்ததும் ஓடிவந்துவிடுவாள். ஆனால் வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளியும் ஆப்பிளும் வெட்டிப் போட்டு, அவை தின்பதைப் பார்த்துப் பார்த்து, சில வாரங்களில் ஒவ்வொன்றின் முகமும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. தலைவனாக இருந்த ஆண் குரங்குக்கு டொயில் ‘ஜெனரல்’ என்று பெயர் வைத்திருந்தார். ரஞ்சினி அதை மனசுக்குள் ‘பெரியவர்’ என்றாள். மேலுதட்டில் பழைய தழும்பு உள்ள இளம் தாய் ஒன்று இருந்தது. அது கிழங்கைக் குளத்தில் முக்கித்தான் தின்னும். அந்தக் கோடையில் குட்டி போட்டிருந்தது. குட்டியை வயிற்றோடு அணைத்தபடி அது வந்து உட்கார்ந்தால், ரஞ்சினிக்கு மார்பில் பால் ஊறும். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு பெப்ரவரியில் ஒருநாள் வடக்குக் காற்று கிளம்பியது. காலை பத்து மணிக்கே அடுப்புக்கு முன் நிற்பது போல இருந்தது. மத்தியானம் நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டது. மேற்கே எங்கோ புல் பற்றி எரிந்து, புகை வானத்தை மஞ்சளாக்கியது. டொயில் வாசலை மூடிவிட்டு, மற்ற வேலையாளையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக் கூரைகளை நனைக்கப் போனார். நெருப்புப் பொறி விழுந்தால் வைக்கோல் முழுவதும் போய்விடும்.

அதற்குள் மின்சாரம் நின்றது. குளத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப்பும் நின்றது. அந்த பம்ப்பில் முந்தின நாளிலிருந்தே கோளாறு. பழுது பார்ப்பதற்காக கூண்டுக்குள் அது இருந்த சீமெந்துக் குழியின் மூடியைக் காலையில் கழற்றியவர்கள், திரும்பப் போடாமல் விட்டிருந்தார்கள். குளத்தில் அடிச்சேறுதான் மிஞ்சியிருந்தது. குரங்குகள் கல்லிடுக்கு நிழல்களில் வாயைத் திறந்தபடி கிடந்தன. ஒரு கிழட்டுப் பெண் குரங்கு அசையவே இல்லை.

ரஞ்சினி குளிரறையில் இருந்த ஐஸ் கட்டிகளைத் தொட்டியில் அள்ளிக்கொண்டு கூண்டின் உள்கதவுக்கு வந்தாள். கூண்டுக்குள் தனியாகப் போகக்கூடாது என்பது சட்டம். எப்போதும் இரண்டு பேர். கதவுக்குள்ளிருந்தே தொட்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தாள்.

அப்போது குழிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய, விட்டுவிட்டு வருகிற கீச்சுக் குரல். தழும்பு உதட்டுத் தாய் குழியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கும், கையை நீட்டும், பின்வாங்கும். குட்டி தண்ணீர் தேடிப் போய் வழுக்கி விழுந்திருக்க வேண்டும்.

ரஞ்சினி டொயிலைக் கூப்பிட்டாள். காற்று குரலை மறுபக்கம் கொண்டுபோனது. திரும்பவும் கூப்பிட்டாள். குழிக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

அவள் உள்ளே போனாள். ஏன் போனாள் என்று பிற்காலத்தில் பலரும் கேட்டார்கள். “சத்தம் குறைஞ்சுகொண்டு போனது” என்றுதான் ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.

குழி இடுப்பளவுதான். வயிற்றை விளிம்பில் பதித்துக் குனிந்து, குட்டியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். சூடேறிய ஈரத்துணி போலிருந்தது. நிமிர்ந்ததும் தாய் அவள் மேல் பாய்ந்தது. தலைமயிரைப் பற்றிய பிடியில் கழுத்து பின்னால் வளைந்தது. இடது முன்கையின் உட்பக்கத்தில் பற்கள் இறங்கியதை உணர்ந்தாள். அவள் கையை உதறவில்லை. குட்டி விழுந்துவிடும் என்று பயந்தாள். தாய் குட்டியைப் பறித்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கற்களுக்கு மேலே போய்விட்டது.

திரும்பினால், அவளுக்கும் கதவுக்கும் இடையில் பெரியவர். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு நேரே பார்க்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்து இரத்தம் சீமெந்தில் சொட்டியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. கடைசியில் பெரியவர் தொட்டியிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தது. அவள் சுவரோடு சுவராக நகர்ந்து வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டிய பிறகுதான் டொயிலைத் திரும்பக் கூப்பிட்டாள்.

டொயில் வந்து பார்த்துப் பதறினார். தானே கையைக் கழுவி, டெட்டோல் ஊற்றிக் கட்டுப் போட்டார். “வேலிக் கம்பி கிழித்தது என்று சொல், ரஞ்சினி. கடித்தது என்று தெரிந்தால் பூங்காவை மூடிவிடுவார்கள்” என்றார். மிரட்டலாக அல்ல, கெஞ்சலாகத்தான் சொன்னார். கையில் காயத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று நினைத்திருந்த ரஞ்சினியும் தலையை ஆட்டினாள்.

வெயிலில் செத்த கிழட்டுக் குரங்கைப் பார்க்கவும் மற்றவற்றைக் காப்பாற்றவும் பின்னேரம் மிருக வைத்தியர் ப்ரைஸ் வந்தார். அதிகம் பேசாத, மெலிந்த மனிதர். ரஞ்சினியின் கைக்கட்டுத் துணியில் கசிந்திருந்த இரத்தத்தைக் கண்டதும் கேட்டார்: “எது கடித்தது?”

“கம்பி” என்றாள் ரஞ்சினி.

அவர் டொயிலைப் பார்த்தார். பிறகு அவளை ஒரு கதிரையில் உட்காரச் சொல்லி, தானே கட்டை அவிழ்த்தார். பல் தடத்தைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. அந்த முகத்தை ரஞ்சினி கடைசிவரை மறக்கவில்லை. அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சவர்க்காரம் போட்டு, காயத்தின் வாயைத் திறந்து திறந்து நெடுநேரம் கழுவினார். அவள் வலியில் முனகியும் நிறுத்தவில்லை.

கழுவி முடித்த பிறகுதான் சொன்னார். இந்த வகைக் குரங்குகளின் உடம்பில் ஒரு கிருமி இருக்கலாம். அவற்றுக்கு அது ஒன்றும் செய்யாது, உதட்டில் ஒரு கொப்புளம் வந்து போகும். மனிதர்களுக்கு வந்தால் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் ஏறும். வெளிநாடுகளில் ஆய்வுகூடங்களில் வேலை செய்த சிலருக்கு வந்திருக்கிறது.

“அவர்களுக்கு என்ன நடந்தது?”

ப்ரைஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அநேகமானவர்கள் பிழைக்கவில்லை.”

“மருந்து?”

“இல்லை. ஆனால் இந்தக் குரங்கிடம் அது இருக்கிறதா என்றே தெரியாது. இருந்தாலும் கடிபட்ட எல்லோருக்கும் வருவதில்லை. ஒரு மாதம், அதற்குச் சற்று மேலே பார்த்திருக்க வேண்டும். காயத்தைச் சுற்றிக் கொப்புளம், கை மரத்துப்போவது, காய்ச்சல், கழுத்து இறுக்கம், எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.”

“எனக்குச் சின்னப் பிள்ளை இருக்குது. பால் குடிக்கிறாள்.”

அவர் துடைத்த துணியை மடித்து வைத்தார். “கொடுக்காதே” என்றார். “முத்தமும் கொடுக்காதே. பாலால் தொற்றுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் சொல்கிறேன்.”

ரஞ்சினி வீட்டுக்குப் போனபோது, அவள் வரவில்லையே என்று ஷிஃப்டுக்குப் போகாமல் ராஜா குழந்தையோடு வாசலில் நின்றான். பிருந்தா அம்மாவைக் கண்டு கையை நீட்டி எம்பினாள்.

“கிட்ட வராதேங்கோ. பிள்ளையை உள்ள கொண்டு போங்கோ” என்றாள் ரஞ்சினி, வேலிப் படலைக்கு வெளியே நின்றபடி.

“என்னப்பா, என்ன நடந்தது? கையில என்ன?”

“முதல்ல பிள்ளையை உள்ள கொண்டு போங்கோ.”

குழந்தையை உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்தவனிடம், படலைக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே பிருந்தா பசியில் அழுதாள். ராஜா இடைக்கிடை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, “நீர் ஏன் உள்ள போனனீர்?” என்றான். கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தானே முகத்தைப் பொத்திக்கொண்டான்.

தொற்றுநோய்களுக்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் வேதவல்லி தாதியாக வேலை பார்த்தாள். திருச்சிக்காரி. வெரிபீயிலிருந்து நகரத்தின் மறுகோடியில், மல்கிரேவில், கணவன் வாசுதேவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். ரஞ்சினிக்குப் பிரசவ காலத்தில் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். மறுநாள் காலை ராஜா அந்த ஆஸ்பத்திரிக்கு, அவளிடம்தான் இவளைக் கூட்டிப்போனான்.

இளம் டாக்டர் ஒருவர் ஏற்பு ஊசி என்கிற டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டு, “போகலாம்” என்றார். வேதவல்லி விடவில்லை. பெரிய டாக்டரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் ப்ரைஸோடு போனில் பேசிவிட்டு, இரத்தம் எடுக்கச் சொன்னார். ப்ரைஸ் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பார்த்திருப்பதைவிடச் செய்ய ஒன்றுமில்லை.

“பாப்பாவ நான் எடுத்துட்டுப் போறேன்” என்றாள் வேதவல்லி, அவர்களோடு கார் வரைக்கும் வந்து. “எங்க வீட்ல ரெண்டோட மூணா இருக்கட்டும். நீங்க காயம் ஆறி, இந்த நாளெல்லாம் கழியற வரைக்கும் தனியா இருங்க. பாலைப் பீச்சிக் கொட்டிடுங்க, ரஞ்சினி. கட்ட விட்டுடாதீங்க. கேக்குதா?”

“ஓம்” என்றாள் ரஞ்சினி. அவள் கவனம் முழுவதும் காரின் பின்சீட்டில் இருந்தது. அங்கே ராஜாவின் மடியில் இருந்தபடி பிருந்தா கண்ணாடியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வீட்டில் பயம் மட்டும்தான் இருந்தது. அவளுக்கென்று தனிக் கோப்பை, தனிப் படுக்கை. குசினியில் அவள் தொட்ட கரண்டியை ராஜா பார்க்காத நேரம் அவளே கொதிதண்ணீரில் போட்டாள். காலையில் கண் விழித்ததும் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவாள். கண்ணாடிக்கு முன் நின்று, தலையைக் குனிந்து மோவாயால் நெஞ்சைத் தொடுவாள், கழுத்து மடங்குகிறதா என்று பார்க்க. காயத்தின் ஓரத்தில் தோல் உரிந்தால் கொப்புளம் போலிருக்கும். நுளம்பு கடித்துத் தடித்தால் அங்கேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ராஜா வேலைக்குப் போன பிறகு கூரைத் தகரம் அடித்துக்கொள்வதை எண்ணிக்கொண்டிருப்பாள். வெளியே காற்று கொஞ்சம் பலத்தால் புகை மணக்கிறதா என்று முகர்வாள்.

“உமக்கு ஒண்டும் வராது” என்று ராஜா சொல்லுவான். அப்படிச் சொல்லும்போது அவன் அவளுடைய கையைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒருநாள் டொயில் வந்தார். வீட்டுக்குள் வராமல் படியில் உட்கார்ந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். ப்ரைஸ் அரசாங்கத்துக்கு அறிவித்துவிட்டார். பூங்கா பூட்டிக் கிடந்தது. கடித்த குரங்கின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். எது கடித்தது என்று அவளுக்குத்தான் தெரியும். அவருக்கும் மற்ற வேலையாளுக்கும் பெண் குரங்குகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த வெயிலில் எல்லாவற்றையும் பிடித்து மயக்கினால் பாதி செத்துவிடும்.

“நீ காட்டாவிட்டால், எல்லாவற்றையும் சுட்டுவிடலாம் என்றுகூட யோசிக்கிறேன்” என்றார். “அவை நடுங்கிக்கொண்டு சாவதைவிட அது மேல்.”

ராஜாவுக்குக் கோபம் வந்தது. “சுடட்டும்” என்றான் தமிழில். “எல்லாத்தையும் சுடட்டும். நீர் திரும்ப அங்க போகத் தேவையில்லை.”

ரஞ்சினிக்கும் அப்படித்தான் இருந்தது. அவை எல்லாம் இந்த உலகத்திலேயே இல்லாமல் போனால் தன் உடம்பிலிருந்தும் அந்தக் கிருமி போய்விடும் என்று ஒரு மூடத்தனமான நம்பிக்கை சில நாளாக அவளுக்குள் இருந்தது. ஆனால் தன்னைக் கடித்தது கிருமி உள்ளதா இல்லாததா என்று தெரியாமல் இன்னும் பல நாள் இருப்பதை நினைத்தபோது, அதுவும் தாங்க முடியாததாக இருந்தது.

“வாறன்” என்றாள்.

கம்பிக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. இருந்தும் குன்று கண்ணில் பட்டதும் ராஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் தண்ணீர் ஊற்றாததால் குடைப்பைன் மரங்கள் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தன. குரங்குகள் அவளைக் கண்டதும், வாளி வரும் என்று நினைத்தோ என்னவோ, இறங்கி வந்தன. தழும்பு உதட்டுத் தாயும் வந்தது. குட்டி உயிரோடிருந்தது. முதுகில் ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்தது.

“அந்தா, குட்டியோட. உதட்டில தழும்பு” என்றாள் ரஞ்சினி. பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னாள்.

ப்ரைஸ் ஊசித் துப்பாக்கியால் அதை மயக்கி, இரத்தம் எடுத்தார். தாய் சரிந்து விழுந்தபோதும் குட்டி அதன் ரோமத்தை விடவில்லை. ரஞ்சினி அதைப் பார்க்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரத்தம் கடல் கடந்து ஒரு ஆய்வுகூடத்துக்குப் போனது. முடிவு வந்த அன்று ப்ரைஸ் போனில் சொல்லவில்லை, நேரே வந்தார். அவர் கார் வாசலில் நின்றதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தத் தாய்க் குரங்கின் உடம்பில் கிருமி இருந்த அடையாளம் இருந்தது.

“இதனால் உனக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை” என்றார் ப்ரைஸ். “கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால்தான் உனக்கு வரும். எப்போதும் இருப்பதில்லை.” இதையே அவர் வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். ராஜா தலையாட்டினான். ரஞ்சினி கேட்கவே இல்லை. அன்றைக்கு முழுவதும் அவள் பாலைப் பீச்சவும் இல்லை. இனி யாருக்கு என்று விட்டுவிட்டாள். கடியுண்ட கையால் அமுக்கினால் வலிக்கவும் செய்தது.

அடுத்த நாளுக்கு அடுத்த நாள் அவளுக்குக் குளிர் எடுத்தது. வெளியே வெயில் கொளுத்த, போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு பற்கள் அடிக்கக் கிடந்தாள். மத்தியானம் காய்ச்சல் ஏறியது. இடது அக்குளில் நெறி கட்டியிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பினாள். வலித்தது.

அவள் கத்தவில்லை. எழுந்து முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ராஜாவைக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, அது வந்திட்டுது” என்றாள்.

ராஜா அவளைத் தூக்கிக் காரில் ஏற்றினான். வெரிபீயிலிருந்து ஆஸ்பத்திரி வரை அவன் ஓட்டிய ஓட்டத்தை அவனால் பிறகு நினைவுபடுத்த முடியவில்லை. வழியில் ரஞ்சினி குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிருந்தாவை வேதவல்லியே வளர்க்கட்டும். அவளுக்குச் சோற்றில் உப்புக் குறைத்துப் போட வேண்டும். இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூங்குவாள். அம்மா எதனால் செத்தாள் என்று பெரியவளாகும்வரை சொல்ல வேண்டாம்.

“கதையாதேயும்” என்று ராஜா அவள் பேச்சை மறித்தான். “கதையாதேயும், ரஞ்சி.”

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டவர்கள் அவளை ஒரு தனியறைக்குக் கொண்டுபோனார்கள். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. ராஜாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வேதவல்லி வேலையில் இருந்தாள். அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவள், உடுப்பை மாற்றுவதற்காக ரஞ்சினியின் ரவிக்கையைத் தளர்த்தினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“ரஞ்சினி, எப்பலேர்ந்து பாலைப் பீச்சல?”

ரஞ்சினி கண்ணை மூடியிருந்தாள். “தெரியாது.”

“இதப் பாருங்க. இது கல்லு மாதிரி இருக்கு. தோல் எப்படிச் செவந்திருக்கு பாருங்க.” வேதவல்லி கையை வைத்ததும் ரஞ்சினி வலியில் துடித்தாள். “பால் கட்டிக்கிச்சு. அதான் நெறி, அதான் காய்ச்சல். என்னோட ரெண்டாவது பையன் பொறந்தப்ப எனக்கும் இதே மாதிரி நூத்தி நாலு ஏறிச்சு.”

“பொய் சொல்லாதேங்கோ.”

“நான் ஏன் பொய் சொல்றேன்? உங்களுக்குப் பொய் சொன்னா நான் இப்படியா கிட்டக்க உக்காந்திருப்பேன்?”

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். அவரும் வேதவல்லி சொன்னதுதான் சரியாக இருக்கும் என்றார். ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். வெந்நீர் ஒத்தடமும் மருந்தும் கொடுத்து, வேதவல்லி பக்கத்தில் இருந்து பாலை வெளியேற்றினாள். அந்த வேதனையில் ரஞ்சினி முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள். மறுநாள் பின்னேரம் காய்ச்சல் இறங்கியது. கழுத்து திரும்பியது. விரல்கள் மடங்கின.

அதோடு பயம் போய்விடவில்லை. இது பால் காய்ச்சல், அது இனிமேல்தான் வரப்போகிறது என்று அவள் இருந்தாள். ப்ரைஸ் சொன்ன மாதம் முடிந்தது, அதற்கு மேலும் நாட்கள் போயின. காயம் ஆறி, தோல் பளபளப்பாக மூடிக்கொண்டது. இரண்டாம் முறை எடுத்த இரத்தத்திலும் ஒன்றும் இல்லை. “இனி வராது என்றுதான் நினைக்கிறேன்” என்றார் பெரிய டாக்டர். ‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை ரஞ்சினி பிடித்துக்கொண்டாள்.

குரங்குகளின் விஷயமும் முடிவுக்கு வந்தது. வெயில் தணிந்த பிறகு மற்றவற்றைச் சோதித்ததில் இன்னும் சிலவற்றிடமும் கிருமி இருந்தது. அவற்றை மக்களுக்குக் காட்ட இனி அனுமதி இல்லை. வேறு பூங்காக்கள் எடுக்கத் தயாராக இல்லை. டொயில் தனக்கு அவற்றை விற்ற ஜப்பானிய வியாபாரிக்குத் தந்தி அடித்துப் பார்த்தார். திருப்பி எடுக்க முடியாது என்று பதில் வந்தது. ஒரு காலை ப்ரைஸ் வந்து, சாப்பாட்டில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, பிறகு ஒவ்வொன்றாக ஊசி போட்டார். டொயில் பூங்காவுக்கு வரவே இல்லை.

இதை ப்ரைஸ் தானே வந்து சொன்னார். கேட்டவுடன் ரஞ்சினிக்கு வந்தது நிம்மதிதான். துக்கமோ வேறேதாவதோ வரும் என்று அவள் காத்திருந்தாள்.

“குட்டியும்?” என்று கேட்டாள்.

“ஆமாம்” என்றார் ப்ரைஸ். “தாயில்லாமல் அதை என்ன செய்வது?”

அவள் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். 

வேதவல்லி பிருந்தாவைக் கொண்டுவந்து விட்ட அன்று, குழந்தைக்கு அம்மாவைத் தெரியவில்லை. வேதவல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். ரஞ்சினி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். “ரெண்டு நாள்ல சரியாயிடும். நான் போயிட்டு அப்புறம் வர்றேன்” என்று வேதவல்லி குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவளும் காருக்குள் அழுததாக வாசுதேவன் சொன்னார்.

இரண்டு நாளில் ஆகவில்லை. ஆனாலும் குழந்தை மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள். பால் வற்றிவிட்டிருந்தது. கோப்பையில் குடிக்கப் பழகியிருந்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் தவழ்ந்து வருவாள். ரஞ்சினி குளிக்க வார்த்தாள், சோறு குழைத்துத் தீத்தினாள், மடியில் வைத்து ஆட்டினாள். முத்தம் மட்டும் கொடுக்கவில்லை. உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள், அவ்வளவுதான். ராஜா இதைக் கவனித்தான்.

குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள், வாயெல்லாம் ஜாம் அப்பியிருந்த பிருந்தா, மடியில் எழுந்து நின்று, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாயோடு வாய் வைத்து அழுத்தினாள். அடுத்த கணம் ரஞ்சினி குழந்தையை வாரிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, சவர்க்காரம் போட்டு அந்தச் சின்ன வாயைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். குழந்தை சவர்க்காரம் கண்ணில் பட்டுக் கதறியது. ராஜா ஓடி வந்தான்.

“என்னப்பா செய்யிறீர்? விடும். பிள்ளைக்கு மூச்சு முட்டுது.”

அவன் குழாயை மூடி, குழந்தையின் முகத்தைத் துடைத்தான். ரஞ்சினி ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, அவனும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வேலைக்குப் போகிற நேரம் கடந்தது. பிருந்தா விக்கி விக்கி, அப்படியே அம்மாவின் நெஞ்சில் தூங்கிப்போனாள்.

“எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள் ரஞ்சினி.

“எனக்கும்தான்” என்றான் ராஜா. அவன் அதைச் சொன்னது அன்றுதான்.

ரஞ்சினி பிறகு ரொட்டி சுடுகிற ஒரு பாண் தொழிற்சாலையில் சேர்ந்து பல வருடம் வேலை செய்தாள். ஒரு மகனும் பிறந்தான். அவள் தேக சுகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. தூக்கத்தில் இடது கை உடம்புக்கடியில் மாட்டி மரத்துப்போன காலைகளில் மட்டும், விரல்களில் உணர்வு திரும்பி வரும்வரை ஒருவரோடும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம் அவளைக் கூப்பிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.